தொலைவில் இருப்பது ஆசிரியர்தான், மாடு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொலைநிலைப் படிப்புகளைப் பற்றி உங்கள் கல்விப் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெரும்பாலும் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் நடுவில் ஒரு வரி. செய்முறை வேண்டிய படிப்புகளைத் தபாலிலும் இணையத்திலும் படிக்காதீர்கள், உதாரணத்துக்குக் கால்நடை வளர்ப்பு, என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டார் கட்டுரையாளர். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். 4 மாடும் 11 ஆடும் வைத்துக்கொண்டு, நீடித்த கால்நடை வளர்ப்பை, அதாவது சுற்றுச்சூழலையும் கெடுக்காமல் கையையும் கடிக்காமல் மாடு ஆடு வளர்ப்பதை, தொலைநிலையில் ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை படித்தவள் நான். முதல் தடவை தண்டம். இரண்டாவது தடவை படித்தது இன்றைக்கும் தொழுவத்தில் கைகொடுக்கிறது. இரண்டுமே தொலைநிலைதான். அப்படியென்றால் கோளாறு தொலைவில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

கல்லூரிக்குப் போய்ப் படிக்கிறவர் மாட்டை விட்டுவிட்டு ஆசிரியரிடம் போகிறார். செய்முறை வகுப்பு என்று பண்ணைக்குக் கூட்டிப்போனால் ஒரு மாட்டைச் சுற்றி 30 பேர் நிற்பார்கள், பின்வரிசையில் நிற்பவருக்கு வால்கூடத் தெரியாது. எனக்கு அப்படி இல்லை. வாத்தியார்தான் எங்கேயோ இருந்தார். மாடு வீட்டுக்குப் பின்னால், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற தூரத்தில் இருந்தது. ரசாயனம் படிக்கிறவருக்கு வீட்டில் ஆய்வகம் இருக்காது, எங்களுக்கு ஆய்வகம் காலை 4 மணிக்கே கத்தி எழுப்பிவிடும். தொலைநிலையில் படிக்கத் தோதான படிப்பு எது என்று கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். ஒரு நிபந்தனை உண்டு. பாடத்தை நடத்துகிறவர்கள் அந்த ஆய்வகத்தைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்.

முதலில் சேர்ந்த படிப்பில் அது அவர்களுக்குத் தெரியவில்லை. பெயர் வேண்டாம், எல்லாருக்கும் பிழைப்பு இருக்கிறது. மூன்று கட்டுப் புத்தகம் வந்தது, கூடவே காணொளிகள். காணொளியில் ஆயிரக்கணக்கில் மாடு கட்டிய கொட்டகை, சாணி வாருவதற்கு இயந்திரம், பால் கறப்பதற்கு ரோபோ. 4 மாட்டுக்காரி அதைப் பார்த்து என்ன செய்ய? நீடித்த வளர்ச்சிக்கு மூன்று தூண்கள் உண்டு, சுற்றுச்சூழல், சமூகம், பொருளாதாரம் என்று முதல் பாடத்தில் இருந்தது, கடைசிப் பாடத்திலும் அதேதான் இருந்தது. தேர்வில் அந்தத் தூண்களை விளக்கி எழுதச் சொன்னார்கள், எழுதினேன், நல்ல மதிப்பெண். நடுவில் ஒரு சந்தேகம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன்: என் மாட்டுக்கு எவ்வளவு பசுந்தீவனம் போடுவது? ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது, நான்காவது அலகைப் பார்க்கவும் என்று. நான்காவது அலகைப் படித்துப் புரியாமல்தான் கேட்டதே. என் வீட்டுக்காரர் சான்றிதழைப் பார்த்துவிட்டு, இதை மாட்டிடம் காட்டினாயா என்று கேட்டார். கோபம் வந்தது, ஆனால் கேள்வி நியாயம்தான்.

இரண்டாவது படிப்பின் முதல் வாரப் பாடத்தில் தூணும் இல்லை, துரும்பும் இல்லை. உங்களிடம் இருக்கும் மாட்டின் எடை என்ன, பார்த்து எழுதி அனுப்புங்கள் என்று ஒரே ஒரு வேலை. கண்ணால் பார்த்து 300 கிலோ என்று எழுதினேன். அப்புறம் துணிக்கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி நாடாவால் அளக்கச் சொன்னார்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு, தோள்பட்டை முனையிலிருந்து பின்பக்கம் பிட்டத்து எலும்பு வரை ஒரு அளவு, இரண்டும் இன்ச்சில். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோவில் எடை வந்துவிடும். என் மாட்டுக்கு நெஞ்சு 66, நீளம் 58. வகுத்துப் பார்த்தால் 383 கிலோ! இத்தனை வருஷம் தினமும் தடவிக் கொடுத்துக் கறந்த மாட்டின் எடையில் 83 கிலோ தவறாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் உலர்பொருள். பசுந்தீவனத்தில் பெரும்பகுதி தண்ணீர், மாட்டுக்குக் கணக்கு தண்ணீர் போக மிச்சத்துக்குத்தான் என்பது புத்தகத்தில் படித்தால் ஒரு வரி. இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, 100 கிராம் புல்லைப் பொடியாக நறுக்கி, மைக்ரோவேவ் அடுப்பில் ஒரு ஓரமாகக் கிண்ணத்தில் தண்ணீரும் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடுபண்ணி, ஒவ்வொரு முறையும் நிறுத்தி எடை போட்டு, எடை மேற்கொண்டு குறையாமல் நிற்கிற வரைக்கும் காயவைக்கச் சொன்னார்கள். தண்ணீர்க் கிண்ணம் எதற்கென்றால், புல் காய்ந்த பிறகு தீப்பிடித்துவிடக் கூடாதே என்பதற்கு. நான் ஓட்டின ஓட்டில் வீடு முழுக்க வைக்கோல் போர் எரிகிற வாடை, பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். கடைசியில் தட்டில் மிஞ்சியது 18 கிராம். கையில் எடுத்தால் ஒரு பிடிகூட இல்லை.

இப்போது கணக்கைப் போடுங்கள். கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்கு அதன் எடையில் சுமார் 3 சதவீதம் உலர்பொருள் வேண்டும். நான் போட்டது 35 கிலோ பசுந்தீவனம், அதில் உலர்பொருள் 6.3 கிலோ. அடர்தீவனம், அதாவது பிண்ணாக்கு, தவிடு வகை, 3 கிலோ, அதில் ஒரு 2.7. மொத்தம் 9 கிலோ. 300 கிலோ மாட்டுக்கு வேண்டியதும் அதே 9 கிலோதான், என் பழைய கணக்கு அவ்வளவு அழகாக ஒத்துப்போயிருந்தது. ஆனால் தொழுவத்தில் நின்றது 383 கிலோ மாடு, அதற்கு வேண்டியது பதினொன்றரை. தினமும் இரண்டரைக் கிலோ பற்றாக்குறையில் நின்றுகொண்டு அது பால் கொடுத்திருக்கிறது. பால் ஏறவில்லையே, சினை நிற்கவில்லையே என்று நான் தாது உப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை என்பதை எழுதுவதில் வெட்கமில்லை.

இதை எந்த வகுப்பறையில் கற்றிருக்க முடியும்? கரும்பலகையில் எழுதிப் போட்ட கற்பனை மாட்டுக்குத்தான் கணக்குப் போட்டிருப்பேன், கற்பனை மாடு பட்டினி கிடந்தால் யாருக்கு என்ன.

சரி, இதில் 'நீடித்த' என்பது எங்கே வந்தது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். மாடு தின்றது வயிற்றில் நொதிக்கும்போது உண்டாகும் மீத்தேன் வாயுவைப் பற்றி இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். அது பின்பக்கமாகப் போகிறது என்று கிண்டல் வேறு, நிஜத்தில் பெரும்பகுதி வாய்வழியாக ஏப்பத்தில்தான் போகிறது. மாடு தின்னும் தீவனத்தின் மொத்த எரிசக்தியில் 2 முதல் 12 சதவீதம் வரை இந்த மீத்தேனாகப் போய்விடும். 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன் சுமார் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாக வானத்தைச் சூடேற்றும் என்பது உலகத்தின் கவலை. காசு கொடுத்து வாங்கிய தீவனம் காற்றில் போகிறது என்பது என் கவலை. இரண்டும் ஒரே வாயு. அரைப்பட்டினி மாடும் ஏப்பம் விடத்தான் செய்யும், தன் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளவே தின்றதில் பெரும்பகுதியைச் செலவழிக்கும், மிச்சத்தில்தான் பால். ஆக ஒரு லிட்டர் பாலுக்கு எவ்வளவு வாயு என்று வகுத்துப் பார்த்தால் பற்றாக்குறையில் நிற்கும் மாட்டுக்குத்தான் கணக்கு மோசமாக வரும். கொட்டகை கட்டி ரோபோ வாங்கித்தான் இதைச் சரிசெய்ய வேண்டும் என்று இல்லை, நாடாவும் தராசும் போதும் என்கிற இடத்துக்கு அந்தப் பாடம் என்னைக் கொண்டுவந்து விட்டது.

எண்களைப் பற்றி இன்னொன்று. கால்நடைகளால் உலகில் எவ்வளவு பசுங்குடில் வாயு என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2006இல் ஒரு கணக்குச் சொன்னது, மனிதச் செயல்களால் வருவதில் 18 சதவீதம். 2013இல் அதே அமைப்பு 14.5 சதவீதம் என்றது. 2023இல் சுமார் 12 சதவீதம் என்றது. முதல் படிப்பின் புத்தகத்தில் 18 என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தார்கள். இரண்டாவதில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏன் மாறியது, நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டார்கள். மாடுகள் எல்லாம் கூடிப் பேசி ஏப்பத்தைக் குறைத்துக்கொண்டதால் மாறவில்லை என்பது மட்டும் எனக்கு உடனே தெரிந்தது. காடு அழித்து மேய்ச்சல் நிலமாக்கியதை எப்படிச் சேர்ப்பது, எந்த ஆண்டை அடிப்படையாக எடுப்பது, மீத்தேனை எத்தனை மடங்காக எண்ணுவது என்று கணக்கின் எல்லைக்கோடு நகர்ந்தால் விடையும் நகரும். அந்த 2006 கணக்கை வைத்து, போக்குவரத்தைவிடக் கால்நடைதான் அதிகம் என்று அப்போது பெரிய பேச்சாக இருந்தது. மாட்டுக்குத் தீவனம் விளைவிப்பதிலிருந்து எல்லாவற்றையும் சேர்த்துவிட்டு, வண்டிக்குப் புகைக்குழாயில் வருவதை மட்டும் எண்ணியிருக்கிறார்கள் என்று அப்புறம் ஆட்சேபம் வந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு மாடுதான் பூமியைக் கெடுக்கிறது என்று யாராவது சொன்னாலும், மாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று யாராவது சொன்னாலும், எதை எல்லாம் எண்ணினீர்கள் என்று கேட்கிற வழக்கம் வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் என்னோடு இந்தப் பேச்சை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

மீத்தேன் என்று ஆரம்பித்த அந்தப் பாடம் கடைசியில் ஒரு நாற்பது பக்க நோட்டில் வந்து நின்றது. எந்த மாடு எந்தத் தேதியில் பருவத்துக்கு வந்தது, எப்போது சினை ஊசி (காளை இல்லாமல் விந்தைச் செலுத்துவது), எப்போது கன்று போட்டது, இவ்வளவுதான் நோட்டு. புத்தகத்தில் சினைப்பருவச் சுழற்சி என்று போட்டிருப்பார்கள், நாங்கள் மாடு கத்துது என்போம். சுமார் 21 நாளைக்கு ஒரு முறை வரும், மற்ற மாடு மேலே ஏறினால் அசையாமல் நிற்கிற நேரம் அரை நாள், கொஞ்சம் கூடலாம். அதுவும் பல மாடுகளுக்கு ராத்திரியிலோ விடியற்காலையிலோதான். காலையில் பார்த்தால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் பார்த்தால் மறுநாள் காலையில் ஊசி என்பது பழைய கணக்கு. ஒரு தடவை தவறவிட்டால் 21 நாள் போச்சு. அந்த 21 நாளும் மாடு தின்னும், ஏப்பம் விடும், சாணி போடும், அடுத்த ஈத்து மட்டும் தள்ளிப்போகும். என் பழைய நினைவை வைத்து நோட்டை நிரப்பியபோது ஒரு மாட்டை நான்கு தடவை தவறவிட்டிருந்தது தெரிந்தது. 84 நாள். கடல்பாசி கொடுத்தால் மீத்தேன் குறையுமாமே, எங்கே கிடைக்கும் என்று கேட்டு நான் அனுப்பியிருந்த கேள்விக்கு அந்த ஆசிரியர் ஒரு வரியில் பதில் போட்டார்: முதலில் அந்த 84 நாளைப் பாருங்கள், கடல்பாசியை அப்புறம் பார்க்கலாம்.

இனி ஆட்டுக் கதை. தொலைநிலைக்கு எதிரானவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று எனக்குப் பட்டதும், அப்படியும் வழி இருக்கிறது என்று தெரிந்ததும் இங்கேதான். ஆட்டின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழு ஒன்று உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லா ஆட்டுக்கும் மருந்தை ஊற்றிவிடுவதுதான் எங்கள் பழக்கம். விளைவு என்னவென்றால் மருந்துக்குச் சாகாத புழு மட்டும் மிஞ்சிப் பெருகி, கொஞ்ச வருஷத்தில் மருந்து வெறும் தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது. தென்னாப்பிரிக்காவில் 1990களில் இதற்கு ஒரு முறை கண்டுபிடித்தார்கள், ஃபமாச்சா என்று பெயர். ஆட்டின் கீழிமையை இழுத்து உள்பக்க நிறத்தை ஒரு வண்ண அட்டையோடு ஒப்பிடுவது. 1 என்றால் நல்ல சிவப்பு, 5 என்றால் வெள்ளை, ரத்தமே இல்லை. 4, 5 வந்த ஆட்டுக்குக் கண்டிப்பாக மருந்து, 1, 2 வந்ததுக்கு வேண்டாம், 3 வந்தால் ஆட்டின் நிலைமையைப் பார்த்து முடிவு. ஒரு மந்தையில் புழுவில் பெரும்பங்கைச் சுமப்பது சில ஆடுகள்தான். மற்றவற்றை விட்டுவைத்தால் மருந்துக்குச் சாகிற புழுவும் மந்தையில் மிச்சமிருக்கும், மருந்தும் வீரியம் கெடாமல் இருக்கும்.

ஆனால் பாருங்கள், இது நிறத்தை வைத்துச் செய்கிற வேலை. செல்பேசித் திரையில் ஒரு நிறம், வீட்டில் அச்சடித்தால் வேறொரு நிறம், அதை நம்பி மருந்து கொடுக்காமல் விட்டால் ஆடு செத்துப்போகும். அதனால் உண்மையான அட்டையைத் தபாலில் அனுப்பினார்கள், வெளிச்சம் படாமல் உறைக்குள் வைக்க வேண்டும், நாளாக ஆக நிறம் மங்கும் என்பதால் வருஷத்துக்கு ஒரு முறை புது அட்டை வாங்க வேண்டும் என்று கண்டிப்பு வேறு. அப்புறம் நாங்கள் ஆட்டுக் கண்ணைத் திறப்பதைக் காணொளி எடுத்து அனுப்ப வேண்டும். மேலிமையால் கண்ணை மூடு, விழியை லேசாக அழுத்து, கீழிமையை இழு, உள்சதை தானாக வெளியே வரும், அதைப் பார். நான்கு அசைவு, இரண்டு விநாடி வேலை. என் முதல் காணொளியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், கொட்டகை நிழலில் நின்று பார்க்கிறீர்கள், வெயிலுக்கு வாருங்கள் என்று. இரண்டாவதையும் திருப்பிவிட்டார்கள். கண்ணை அழுத்தப் பயந்து இமையை மட்டும் இழுக்கிறீர்கள், அப்படிச் செய்தால் நிறம் வெளிறித் தெரியும் என்றார்கள். மூன்றாவது காணொளியில் ஆடு என் முட்டியில் முட்டிவிட்டு ஓடியதும் சேர்த்தே பதிவாகியிருந்தது, ஆனாலும் தேறிவிட்டேன். நேரில் 30 பேர் கூட்டத்தில் நான் இமையை இழுத்திருந்தால் யார் இவ்வளவு கவனமாகப் பார்த்துத் திருத்தியிருப்பார்கள்? அன்றைக்கு 11 ஆட்டில் மருந்து தேவைப்பட்டது 3க்குத்தான்.

எல்லாவற்றையும் இப்படிச் செய்துவிட முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. முடியாததை முடியாது என்று முதல் பக்கத்திலேயே போட்டுவிட வேண்டும், அந்த நேர்மைதான் பல படிப்புகளில் இல்லை. மாட்டின் பின்வழியாகக் கையை விட்டுச் சினை பார்ப்பதை எந்தக் காணொளியும் கற்றுத்தராது. எங்களுக்கு ஒரு வாரம் நேர்முகப் பயிற்சி வைத்தார்கள், தோள் வரை உறை மாட்டிக்கொண்டு முதல் இரண்டு நாள் நான் தொட்டுப் பார்த்ததெல்லாம் சாணி மட்டும்தான். மூன்றாவது நாள்தான் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது, அதுவும் என்ன என்று அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. நூற்றுக்கணக்கான மாட்டைத் தொட்ட பிறகுதான் கைக்குப் பழகும் என்றார்கள், அதை ஒப்புக்கொண்டு நான் விட்டுவிட்டேன். கன்று தலைகீழாக வந்தால் திருப்புவது, கொம்பு சுடுவது, நரம்பில் ஊசி போடுவது எல்லாம் இந்த வகை. தொலைநிலையில் படித்தவர் கால்நடை மருத்துவர் ஆகிவிட மாட்டார், ஆகவும் கூடாது. எப்போது மருத்துவரைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்த ஆளாக ஆகலாம். ஊசி போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் விற்கக் கூடாது என்று கேட்டு எழுதி வைக்கிற ஆளாக ஆகலாம். அதுவே எவ்வளவோ. கிருமிக்கொல்லி (ஆன்டிபயாடிக்) மருந்தைத் தீவனத்தில் கலந்து கொழுக்க வைப்பதை ஸ்வீடன் 1986இலேயே தடைசெய்தது, ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006இல் தடை வந்தது. தடை போடலாம், ஆனால் கொட்டகையில் மருந்துப் புட்டி யார் கையில் இருக்கிறது என்று யோசித்தால் படிக்க வேண்டியது யார் என்பதும் தெரிந்துவிடும்.

பட்டம் இல்லாதவர்களுக்கு இதெல்லாம் எப்படிப் புரியும் என்று கேட்பவர்களுக்கு வெக்கை நோயை ஞாபகப்படுத்த வேண்டும். மாட்டு இனத்தையே வாரிக்கொண்டு போன அந்த நோய் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவித்தார்கள், பெரியம்மைக்கு அப்புறம் முற்றாக ஒழிந்த இரண்டாவது நோய் அதுதான். ஆப்பிரிக்காவில் மருத்துவர்கள் போகமுடியாத மேய்ச்சல் பகுதிகளில், சூடு தாங்கும் தடுப்பு மருந்தைக் கையில் கொடுத்து, குறுகிய காலப் பயிற்சி தந்து, மாடு மேய்க்கிறவர்களையே ஊசி போட வைத்தார்கள். கடைசி இழுபறியில் அவர்கள் பங்கு பெரியது. தொலைநிலைக் கல்வியும் ஒன்றும் நேற்றைய வேடிக்கை இல்லை, வளாகத்துக்கு வராமலே தேர்வு எழுதிப் பட்டம் வாங்கலாம் என்று லண்டன் பல்கலைக்கழகம் 1858இலேயே கதவைத் திறந்துவிட்டது.

படிப்பை நடத்துகிறவர்களிடம் எனக்கு இன்னும் தீராத ஒரு மனக்குறை, பருவத்தேர்வு. வளாகம் வேண்டாம், நேரம் காலம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒரு பருவம் என்பதை மட்டும் கல்லூரியிலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கோழிமுட்டை பொரிக்க 21 நாள். பன்றிக்கு 114 நாள், ஆட்டுக்கு 150 நாள், மாட்டுக்கு ஏறக்குறைய 280 நாள். ஆடு வைத்திருப்பவர் ஒரு பருவத்துக்குள் சினையிலிருந்து குட்டி வரை பார்த்துவிடலாம். மாடு வைத்திருப்பவர் சினை ஊசி போட்ட பாடத்தில் தேர்வு எழுதி முடித்து, மதிப்பெண்ணும் வந்து, அடுத்த பருவத்தில் வேறு பாடத்தில் பாதியைத் தாண்டும்போது கன்று வந்து விழும். அப்போது சீம்பாலை எவ்வளவு நேரத்துக்குள் கொடுப்பது என்று கேட்க அந்தப் பாடத்தின் ஆசிரியரே இருக்க மாட்டார். முதல் சில மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், நேரம் ஆக ஆகக் கன்றின் குடல் அந்த எதிர்ப்புச் சக்தியை உள்ளே வாங்குவதை நிறுத்திவிடும் என்பது பாடத்தில் இருந்தது, ஆனால் ஏழு மாதத்துக்கு முந்தைய பாடத்தில். பாடம் நாட்காட்டியைப் பார்த்து நடக்காமல் மாட்டைப் பார்த்து நடந்தால் என்ன? உங்கள் மாடு இன்றைக்குச் சினையின் எட்டாவது மாதமா, இந்தாருங்கள் எட்டாவது மாதத்துப் பாடம் என்று அனுப்புவதற்கு இணையத்தில் படிக்கிற படிப்பில் என்ன கஷ்டம்? கல்லூரியால் முடியாதது அது, தொலைநிலையால் முடியும். முடிகிறதைச் செய்யாமல் முடியாததைக் காப்பியடிக்கிறார்கள்.

நேரமும் அப்படித்தான். நேரலை வகுப்பைச் சாயங்காலம் 5 மணிக்கு வைத்தார்கள். மாடு வைத்திருக்கிற யாரும் 5 மணிக்குத் திரை முன்னால் உட்கார மாட்டார்கள், கறவை நேரம். எத்தனையோ பேர் எழுதிக் கேட்ட பிறகு பாடத்தை ஒலிப்பதிவாகவும் தந்தார்கள், அதைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு கறந்துகொண்டே கேட்பேன். இப்போது அந்த ஆசிரியரின் குரல் கேட்டால்தான் ஒரு மாடு பால் இறக்குகிறது என்று வீட்டில் கிண்டல்.

சேர நினைக்கிற வாசகர்களுக்கு நான் சொல்வது, விளம்பரத்தையும் சான்றிதழ் மாதிரியையும் பார்க்காதீர்கள், வீட்டு வேலையாக என்ன கேட்பார்கள் என்று கேளுங்கள். என் மாட்டின் எடை, என் தீவனத்தின் உலர்பொருள், என் ஆட்டின் கண், என் சாணிக்குழி, இதில் எதையாவது அளந்து அனுப்பச் சொல்கிறார்களா? அனுப்பினால் யார் பார்ப்பார்கள், எத்தனை நாளில் பதில் வரும்? நேர்முகப் பயிற்சி எத்தனை நாள், எந்தெந்த வேலைக்கு? இதற்குப் பதில் சொல்லத் தடுமாறினால் நகர்ந்துவிடுங்கள். ஆழம் பார்க்க நினைப்பவர்கள் காசே செலவழிக்காமல் ஆரம்பிக்கலாம், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் இணையக் கல்விக்கூடத்தில் கட்டணமில்லாத பாடங்கள் இருக்கின்றன, விலங்குகளின் நடத்தையையும் நலனையும் பற்றி எடின்பரோ பல்கலைக்கழகம் நடத்தும் இணையப் பாடமும் நல்லது. அவை உங்கள் மாட்டைக் கேட்க மாட்டா, அதை நீங்களேதான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் கட்டுரையாளர்மீது எனக்கு வருத்தம் இல்லை, அவர் ஒருவேளை என் முதல் படிப்பைப் போன்ற ஒன்றைப் பார்த்திருப்பார். இடம் இருந்தால் அந்த 660 கணக்கை மட்டுமாவது ஒரு பெட்டியில் போடுங்கள், யாராவது ஒருவர் நாடாவை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போவார். இன்னும் எழுத ஆசைதான், ஆனால் அந்த 383 கிலோ மாட்டுக்கு, இப்போது அது 410, நோட்டுப்படி நாள் நிரம்பி 3 நாள் ஆகிறது. காலையிலிருந்து மடி இறுகியிருக்கிறது, படுப்பதும் எழுவதுமாக இருக்கிறது. போய்ப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
4 மாடு, 11 ஆடு வைத்திருக்கும் ஒரு வாசகி